முளை சிவந்த பொங்கல்

கன்னிகா படிக்கிற படிப்பை அவள் ஊரில் யாருக்கும் சரியாக விளங்க வைக்க முடிந்ததில்லை. "திருப்பதியில மரத்துக்கு டாக்டரு படிக்குது" என்பாள் அவள் அம்மா கங்கம்மாள். அதைக் கேட்டுவிட்டு, காய்க்காத மாமரத்தைக் காட்டி மருந்து கேட்டவர்கள் நான்கைந்து பேர். என் வைத்தியம் வெட்டின மரத்துக்கு என்று கன்னிகா சொன்னால், செத்த பிறகு எதற்கு வைத்தியம் என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அந்தக் கேள்விக்குத்தான் அவள் ஐந்து வருஷமாகப் பல்கலைக்கழகத்து லேப்பில் உட்கார்ந்து பதில் எழுதிக்கொண்டிருந்தாள்.

சித்தூர்ப் பக்கம் மாந்தோப்புக்குப் பஞ்சமில்லை. காய்ப்பு நின்ற மரங்களை வெட்டினால் விறகுக்கும் பழப்பெட்டிக்கும் போகும். கதவுக்கும் நிலைக்கும் யாரும் தொடமாட்டார்கள், ஏனென்றால் மாம்பலகை கறையானுக்குக் கல்யாணச் சாப்பாடு. பலகைக்குள் போரான் உப்பை ஏற்றிவிட்டால் கறையான் அண்டாது. கேரம்போர்டில் தூவுகிறோமே வெள்ளைப் பொடி, அந்தக் குடும்பத்து உப்புதான் இது. விலை மலிவு, வேலை சுத்தம். ஒரே குறை, இரண்டு மழை அடித்தால் கரைந்து மண்ணோடு போய்விடும். அதை மரத்துக்குள்ளேயே கட்டிப்போட வேண்டும். புளியங்கொட்டையின் தோலில், நாக்கைப் பிடிக்கிற அந்தத் துவர்ப்பில், கன்னிகா அதற்கொரு பசையைக் கண்டுபிடித்திருந்தாள்.

லேப்பில் பசை உப்பைப் பிடித்துக்கொண்டது. லேப்பில் எதுதான் நடக்காது? வெளி மண்ணில், வெளி மழையில் நடக்க வேண்டும். அதற்காக ஒன்றரை அடி நீள மாங்குச்சிகள் அறுபதை எடுத்து, இருபது குச்சிக்கு ஒன்றுமே ஏற்றாமல், இருபதுக்கு வெறும் போரான் ஏற்றி, மீதி இருபதுக்குப் போரானோடு தன் பசையையும் ஏற்றி, ஒவ்வொன்றின் தலையிலும் எண் தகடு அடித்து, போன ஆனி மாதம் அப்பா தங்கவேலுவின் மேட்டு நிலத்தில் வகைக்கு ஒன்றாக மூன்று வரிசையில் நட்டாள். பிச்சாட்டூர் அணைக்கு மேற்கே இருக்கிற நிலம் அது. அங்கே ஒரு செருப்பை மறந்து விட்டுவிட்டு வந்தால் மறுநாள் வாரை மட்டும்தான் பொறுக்கலாம், அவ்வளவு கறையான். இப்படி வரிசையாகப் புதைத்து வைத்துப் பார்ப்பதற்கு இந்தத் துறையில் கல்லறைச் சோதனை என்று பெயர். அந்தப் பெயரை மட்டும் அவள் அம்மாவிடம் சொல்லவில்லை.

தீபாவளிக்கு வந்து பார்த்தால் கல்லறையைக் காணோம். அறுபது குழி இருந்தது. அறுபது குச்சி இல்லை.

காரணம் விளங்க அரை நாள் ஆயிற்று. புரட்டாசியில் ஆறுவழிச் சாலைக்கு நிலம் எடுக்கப் போகிறார்கள் என்று ஒரு புரளி கிளம்பியிருக்கிறது. சர்வேக்காரர்கள் வந்து நாலு வயலில் குச்சி நட்டுவிட்டுச் சாப்பிடப் போன நேரத்தில், ஊரே திரண்டு எல்லாக் குச்சியையும் பிடுங்கிவிட்டது. அந்தக் குச்சிக்கும் கன்னிகாவின் குச்சிக்கும் ஆறு வித்தியாசம் இருக்கலாம். ஆத்திரத்தில் இருப்பவன் எதை எண்ணிப் பார்ப்பான்?

"எங்க போட்டீங்க?" என்று வீடு வீடாகக் கேட்டாள். எதிர்வீட்டு ரத்னம்மா அத்தை வானத்தைப் பார்த்தாள். தெருக்கோடி வேங்கடாசலம் மாமா, "குச்சியா? எந்தக் குச்சி பாப்பா?" என்று புதிதாகக் கேள்விப்படுகிறவரைப் போலக் கேட்டார். அப்பாவிடம் கேட்டாள்.

"நான் அன்னிக்குப் புத்தூரு சந்தைக்குப் போய்ட்டேன் பாப்பா. வந்து பாத்தா ஒண்ணியும் காணோம்" என்றார் தங்கவேலு. சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

ஆக, ஜனவரி இருபதாம் தேதி அவள் ஆய்வைப் பரிசீலிக்கப் போகிற குழுவின்முன் காட்ட அவளிடம் ஒரு குச்சிகூட இல்லை. உதவித்தொகை மார்ச்சோடு முடிகிறது. மறுபடி நட்டால் மறுபடி ஒரு வருஷம். அந்த வருஷத்தை யாரும் தரப்போவதில்லை, ஐந்து வருஷமும் அந்த அறுபது குழிக்குள் போய்விடும். அவள் பேராசிரியர் சாய்குமார் இதை ஒருதரம்தான் சொன்னார். நல்ல மனிதர் ஆகையால் இரண்டாம் தரம் சொல்லவில்லை.

இந்த மனநிலையில்தான் பொங்கலுக்கு ஊருக்கு வந்திருந்தாள். மாட்டுப் பொங்கலன்று காலையில், கொம்புக்குப் பூசிய பச்சை வண்ணம் கையெல்லாம் ஒட்டியிருக்க, திருப்பதிக்கு எந்தப் பஸ்ஸில் போவது, போய் என்ன சொல்லி அழுவது என்று யோசித்துக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டிலிருந்து ரத்னம்மா அத்தையின் கூச்சல் கேட்டது.

"அய்யோ, வந்து பாருங்கோ! எங்க மொளைக்கு இன்னா வந்துச்சின்னு வந்து பாருங்கோ!"

மாட்டுப் பொங்கலுக்கு மாட்டை மட்டும் குளிப்பாட்டி விட்டுவிடுவதில்லை. கொட்டாயைக் கழுவி, கயிற்றை மாற்றி, மாடு கட்டுகிற முளைக்கும் மஞ்சளைக் குழைத்துப் பூசிப் பொட்டு வைப்பார்கள். ரத்னம்மாவும் காலையில் நான்கு முளைக்கு மஞ்சள் பூசிவிட்டுப் பொங்கல் வைக்கப் போயிருக்கிறாள். வந்து பார்த்தால் இரண்டு முளை மஞ்சளாக இருக்க, இரண்டு முளை ஆரத்தித் தண்ணீர் நிறத்தில் சிவந்து நின்றன.

"கோயில் அம்மா காட்டிக் குடுத்துட்டா" என்று முணுமுணுத்தாள் ரத்னம்மா. பிறகு கன்னிகாவைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

கன்னிகா முளையைப் பார்த்தாள். ஒன்றரை அடி. நான்கு பக்கமும் இழைத்தது. தலையில் எண் தகடு அடித்த ஆணியின் ஓட்டை.

அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. காரணம், அவள் மூளை அதற்குள் வேறு எங்கோ ஓடிவிட்டிருந்தது. மரத்துக்குள் போரான் இருக்கிறதா என்று பார்க்க லேப்பில் ஒரு திரவம் தெளிப்பார்கள். போரான் இருந்தால் சிவக்கும், இல்லாவிட்டால் மஞ்சளாகவே இருக்கும். அந்தத் திரவம் மஞ்சளிலிருந்துதான் எடுப்பது. சின்னப் பாட்டிலில் அடைத்து, பெரிய விலை போட்டு, பெங்களூரிலிருந்து வரும். ஐந்து வருஷம் அதைத் தெளித்தவளுக்கு, வீட்டு அஞ்சறைப் பெட்டியில் இருப்பதும் அதுதான் என்று ஒருநாள்கூடத் தோன்றியதில்லை. படித்த படிப்பு அப்படி.

இரண்டு மழைக்காலம் குடித்த முளை சிவந்து நிற்கிறது என்றால், உப்பு உள்ளேதான் இருக்கிறது. பசை பிடித்திருக்கிறது. ரத்னம்மா அத்தையைக் கட்டிக்கொண்டு, "அத்தை, இந்தத் தெருவுல எல்லா மொளைக்கும் மஞ்சா பூசியாச்சா?" என்று கேட்டாள். அத்தைக்குத் திருட்டைப் பற்றிக் கேட்காமல் மஞ்சளைப் பற்றிக் கேட்கிறாளே என்று சந்தேகம் வந்துவிட்டது.

சாய்குமாருக்குப் போன் போட்டாள். அவர் திருப்பதியில் வீட்டு மொட்டைமாடியில் பேரனோடு பட்டம் விட்டுக்கொண்டிருந்தார்.

"ஏமம்மா கன்னிகா, கனுமப் பண்டிகைக்குக்கூட லீவு இல்லையா உனக்கு?" என்று மாட்டுப் பொங்கலைத் தெலுங்கில் சொல்லிக் கேலி செய்தவர், விஷயத்தைக் கேட்டதும் பட்டத்து நூலைப் பேரன் கையில் கொடுத்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா அது மாட்டுக் கொட்டாய். மாட்டு மூத்திரம் காரம்மா. காரம் பட்டாலும் மஞ்சள் சிவக்கும். சுண்ணாம்பு போட்டு ஆரத்தி கரைக்கறது மறந்துபோச்சா? நீ பாத்தது உன் பசையோ, வெறும் மூத்திரமோ, யாருக்குத் தெரியும்?"

அவர் சொன்னது முழுக்கச் சரி.

"புளிப்பு ஏதாவது விட்டுப் பாரு. மூத்திரத்தால வந்த சிவப்புன்னா திரும்ப மஞ்சளாயிடும். போரானால வந்ததுன்னா அசையாது. அப்படியே நின்னா எனக்குப் போன் பண்ணு. நிக்கலன்னா நல்லாச் சாப்பிட்டுட்டுத் தூங்கு."

அம்மாவின் கூடையிலிருந்து எட்டு எலுமிச்சம்பழத்தையும் அரிவாள்மணையையும் தூக்கிக்கொண்டு கன்னிகா தெருவில் இறங்கினாள். பண்டிகை நாளில், தலையை அள்ளி முடிந்துகொண்டு, கையில் எலுமிச்சம்பழத்தோடு ஒரு பெண் மாட்டுக்கொட்டாயாகத் தேடிப் போனால் ஊர் என்ன நினைக்கும்? திருஷ்டி கழிக்க வந்திருக்கிறாள் என்றுதான் நினைத்தது. பத்து நிமிஷத்தில் பின்னால் ஒரு கூட்டம். சிலர் தங்கள் வீட்டுப் பழத்தையும் கொண்டுவந்தார்கள்.

ரத்னம்மாவின் முதல் முளையில் பிழிந்தாள். சிவப்பு கலங்கி, இறங்கி, பசும் மஞ்சளாகிவிட்டது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. கன்னிகாவுக்கு உள்ளே ஏதோ இடிந்தது. மூத்திரம்.

இரண்டாவது முளையிலும் அப்படியே. ஐந்து வருஷத்தை மாடு நனைத்துவிட்டதா என்று எண்ணும்போது அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

அடுத்தது வேங்கடாசலம் மாமா வீடு. அங்கே மாமா முளைமுன்னால் குந்திக்கொண்டு, துணி துவைக்கிற சோப்பால் அதைத் தேய்த்துக்கொண்டிருந்தார். சிவந்த முளை திருட்டைக் காட்டிக்கொடுக்கிறது என்று செய்தி தெருக்கோடிவரை போயிருந்ததால், ஆள் வருமுன் கழுவிவிடப் பார்த்திருக்கிறார். மஞ்சள் கறையில் சோப்பு பட்டால் என்ன ஆகும் என்பது துணி துவைக்கிற எந்தப் பெண்ணுக்கும் தெரியும். மாமா வாழ்நாளில் துணி துவைத்ததில்லை. முளை, தரை, மாமாவின் இரண்டு கை, வேட்டி ஓரம் எல்லாம் ரத்தச் சிவப்பு.

"நான் எடுக்கல பாப்பா. கெடந்துச்சி" என்றார் மாமா, கேட்காமலே.

"கையை நீட்டுங்க மாமா" என்று அவர் கைமேல் முதலில் பிழிந்தாள் கன்னிகா. கை வெளுத்தது. மாமாவின் உயிர் திரும்பி வந்தது. பிறகு முளைமேல் பிழிந்தாள். சோப்புச் சிவப்பு வழிந்து தரையில் மஞ்சளாக ஓடியது. ஆனால் முளை மட்டும் அப்படியே நின்றது. இன்னொரு பழம் பிழிந்தாள். செங்கல் நிறம் அசையவில்லை. அரிவாள்மணையில் ஓரத்தைச் சீவிப் பார்த்தாள். உள்ளே காப்பி நிறம். புளியங்கொட்டைப் பசை ஏறிய மரத்துக்குத்தான் அந்த நிறம் உண்டு.

மாட்டு மூத்திரத்தில் ஊறி, சாணியில் புதைந்து, மாடு இழுத்த இழுப்பில் ஆடி, வடகிழக்கு மழையையும் குடித்துவிட்டு, உப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றது அந்தக் குச்சி. அவள் வகுத்த சோதனையில் இத்தனை கொடுமை இல்லை. கன்னிகா கொட்டாயில் அப்படியே உட்கார்ந்து அழுதாள். ஊர் பயந்துபோய் இன்னும் எலுமிச்சம்பழம் கொண்டுவந்தது.

மாலைக்குள் பன்னிரண்டு வீட்டுக் கொட்டாயும் பார்த்து, எந்த வீட்டில் எது என்று எழுதியும் வைத்தாயிற்று. ஒன்றும் ஏற்றாத குச்சிகளைக் கறையான் தின்று தீர்த்திருந்தது. மூன்று வீட்டில் மாடு முளையை முறித்துக்கொண்டு ஓடிய கதையைச் சொன்னார்கள். வெறும் போரான் போட்டவை எலுமிச்சைக்கு மஞ்சளாயின. அவள் பசையைக் குடித்தவற்றில் பதினாறு கிடைத்தன. பதினாறும் சிவப்பு. யார் கொடுத்தது என்று கேட்டால் மட்டும், "கெடந்துச்சி, எடுத்துக்கினு வந்தோம்" என்று ஒரே பாட்டு.

கடைசிப் பழத்தோடு தன் வீட்டுக்குத் திரும்பினாள். கொட்டாயில் அப்பாவின் காளைக்குக் கொம்பில் வண்ணம், கழுத்தில் மாலை, நெற்றியில் பொட்டு. முளைக்கு மட்டும் மஞ்சள் இல்லை.

தங்கவேலு ஓரமாகக் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். "இடுப்பு வலி. குனிய முடியல" என்றார்.

கன்னிகா அம்மாவிடம் மஞ்சள் வாங்கிவந்து தானே குனிந்து பூசினாள். காத்திருந்தாள். சிவந்தது. பழத்தைப் பிழிந்தாள். நின்றது. ஊரிலேயே நல்ல சிவப்பு அதுதான்.

"நைனா, நீ சந்தைக்குப் போவல."

தங்கவேலு கயிற்றைக் கீழே வைத்தார். "ஊருல முடிவு பண்ணிட்டாங்க பாப்பா. எவன் நெலத்துல குச்சி நின்னாலும் அவன் ரோட்டுக்காரன்கிட்ட நெலத்தை வித்துட்டான்னு அர்த்தம்னு. என் நெலத்துல அறுவது நிக்குது. இது ஆராய்ச்சின்னு சொன்னா எவன் நம்புவான்? எல்லாரும் வந்து நின்னு பாத்தாங்க. நான்தான் புடுங்கினேன். நல்ல கட்டையாச்சே, எரிக்க மனசு வரல. மொளைக்கு வச்சிக்குங்கன்னு நானே குடுத்தேன். உன்கிட்ட சொல்லாதீங்கன்னும் சொன்னேன்."

"மூணு மாசமா நான் செத்துக்கினு இருந்தேன் நைனா. நீ தெனமும் இதுலதான் மாடு கட்டிக்கினு இருந்த."

கன்னிகா அன்றிலிருந்து அவரோடு பேசவில்லை. குச்சி போனதைக்கூட மன்னித்துவிடலாம். தெருத்தெருவாகக் கேட்டுக்கொண்டு அலைந்தவளை, தெரிந்துகொண்டே பார்த்துக்கொண்டிருந்தாரே, அதை மன்னிக்க அவளுக்கு மனம் வரவில்லை.

இருபதாம் தேதி காலை முதல் பஸ்ஸுக்கு அவள் நின்றபோது, குச்சி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு தங்கவேலுவும் வந்து நின்றார். யாரும் கூப்பிடவில்லை. புத்தூர், திருப்பதி என்று வழியெல்லாம் அப்பாவும் மகளும் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

அறைக்குள் குச்சிகளை மேஜையில் அடுக்கிக் கன்னிகா பேசினாள். நன்றாகவே பேசினாள். வெளியூரிலிருந்து வந்திருந்த நிபுணர் அம்மாள் குச்சியை முகர்ந்து பார்த்து முகத்தைச் சுளித்தாலும், ரசித்துத்தான் கேட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"எல்லாம் சரி. தகடு இல்லை. இவை நீங்கள் நட்ட குச்சிகள்தான், இந்த வரிசையில் இருந்தவைதான் என்பதற்கு யார் சாட்சி? பிடுங்கினது யார்?"

ஒரு பெயரைச் சொன்னால் போதும். கன்னிகா வாயைத் திறந்தாள். வாசலில் வெறும் சாக்கைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்ற அப்பாவைப் பார்த்தாள். இத்தனை படித்தவர்கள்முன் இந்த மனிதரைக் குற்றவாளியாக நிறுத்த அவளால் முடியவில்லை. கோபம் வேறு, இது வேறு.

"தெரியலை மேடம். யாரோ."

"யாரோ என்று ஆய்வேட்டில் எழுத முடியாதம்மா" என்றார் நிபுணர். சொன்னவிதத்தில் வருத்தம் இருந்தது. "அப்படியானால் மறுபடி நட்டு, ஒரு வருஷம்..."

சாய்குமார் தலையைக் குனிந்துகொண்டார்.

"நான்தாங்க புடுங்கினேன்."

எல்லோரும் வாசலைப் பார்த்தார்கள். தங்கவேலு செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்தார். "நெலத்துக்காரன். இந்தப் புள்ளையோட அப்பன். கெழக்கு வரிசை, நடு வரிசை, மேக்கு வரிசை. வரிசையாத்தான் புடுங்கினேன், வரிசையாத்தான் குடுத்தேன். எழுதிக்குங்க. கெழக்கால மொத நாலு குச்சி சின்னத்தம்பிக்கு. அடுத்த ரெண்டு கோயில் பூசாரிக்கு..."

குழுவுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. நிபுணர் கன்னிகாவின் நடவு வரைபடத்தை இழுத்து வைத்துக்கொண்டு, சொல்லச் சொல்லக் குறித்தார். தங்கவேலு விரலை மடக்கி, வீடு வீடாக, முளை முளையாகச் சொன்னார். கிழக்கு வரிசை ஒன்றும் ஏற்றாதது. அவர் சொன்ன வீடுகளில்தான் மாடு முறித்துக்கொண்டு ஓடியிருந்தது. நடு வரிசை வெறும் போரான். ரத்னம்மா வீட்டு இரண்டும் அதில் இருந்தன. மேற்கு வரிசையில் வேங்கடாசலம், கடைசியாகத் தன் காளை. எந்த வரிசையில் எந்த மருந்து என்று அந்த மனிதருக்கு இன்றுவரை தெரியாது. தோதாகப் பொருத்திச் சொல்ல அவருக்கு வழியே இல்லை என்பது அறையில் இருந்த எல்லோருக்கும் விளங்கியது. கன்னிகா வீடு வீடாகக் குறித்து வந்த நிறத்தோடு வைத்துப் பார்த்தால் ஒரு குச்சிகூட இடம் மாறவில்லை.

நிபுணர் ஒரு தாளில் நாலு வரி எழுதி, அடியில் 'குச்சிகளை அகற்றியவர்' என்று போட்டு நீட்டினார். தங்கவேலு கன்னிகாவின் கையிலிருந்த பேனாவை வாங்கி, நின்றபடியே, எழுத்துக் கூட்டித் தமிழில் தன் முழுப் பெயரையும் எழுதினார். எழுதி முடித்துத் தாளைக் கொடுத்த பிறகுதான் கேட்டார்.

"அம்மா, இந்தக் காகிதம் ரோட்டு ஆபீசுக்குப் போவுங்களா? குச்சி புடுங்கினவனைப் புடிச்சி கேஸ் போடறாங்கன்னு சொல்றாங்கோ."

"போகாதுங்க" என்றார் நிபுணர். "இது இவங்க ஆய்வேட்டில் மட்டும்தான் இருக்கும்."

கையெழுத்துப் போட்ட பிறகா அதைக் கேட்பார்கள்! கன்னிகா பேனாவைத் திரும்ப வாங்கினாள். அவர் விரலெல்லாம் மை.

"வா நைனா" என்றாள், நான்கு நாளைக்குப் பிறகு. "காலையிலேருந்து நீ ஒண்ணியும் துன்னல."